ஸ்டேஜ் ஆறு

பத்து மணிக்குப் போகவேண்டிய கரண்ட்
ஒன்பது ஐம்பத்திரண்டுக்கே போய்விட்டது.
அட்டவணை போட்டவர்களிடம் கடிகாரம் இல்லை போலும்.
சாட்ஸ்வர்த் ஒரே மூச்சில் இருண்டது:
யூனிட் ஏழின் கோழிக்கடை, பெட்ரோல் பங்க், எதிர்மாடி டிவி,
எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பெயர்ப்பலகை.

ஜெனரேட்டரில் டீசல் இல்லை.
யாரோ உறிஞ்சிக்கொண்டு போய்விட்டார்கள் என்று
கேட்டிலிருந்து மண்ட்லா கத்துகிறான்,
டார்ச்சை என் ஜன்னலில் அடித்தபடி.
யூபிஎஸ் கீச்சிடுகிறது. அதன் சின்னத் திரையில்
பதினோரு நிமிடம்.

போன ஜூலையில் நான் லீவில் இருந்தேன்.
அன்று யாரும் எதையும் நிறுத்தவில்லை,
மின்சாரம்தான் நிறுத்தியது.
விடிய விடிய வட்டைச் சரிபார்த்தும்
நாற்பத்தொரு ரிப்போர்ட்டுகள் பெயர் உதிர்ந்து
தொலைந்தவற்றைப் போடும் மூலையில்
வெறும் எண்களாகக் கிடந்தன.
யாருடைய சர்க்கரை? யாருடைய கிரியாட்டினின்?
நாற்பத்தொரு வீடுகளுக்கு ஃபோன் போட்டேன்:
இன்னொரு தடவை கையை நீட்டுங்கள்.
மிஸஸ் நாயக்கர் மட்டும் திட்டவில்லை.
"எங்க பூட்டன் கப்பல்லேருந்து இறங்கினப்பவும்
ஒரு நம்பரைத்தாம்மா குடுத்தாங்க" என்றார்.
அதற்கு என்ன பதில் சொல்வது? வியாழக்கிழமை வாங்க என்றேன்.

அதனால் இன்று முறைப்படி.
கடைசியாக ஏறியது முதலில் இறங்கட்டும்.
வெப் சர்வர் வாசலைச் சாத்திக்கொண்டது.
மெயில் போனது.
முதலில் சொல்லித்தான் பார்ப்பது, அதற்குப் பதினைந்தாம் எண்:
கையில் உள்ளதை முடி, வைத்துவிட்டுக் கிளம்பு.
பிரிண்டர் சேவை காதில் வாங்கவில்லை.
காகிதமே இல்லாத தட்டை நோக்கி
இரண்டு நாளாக ஒரே பக்கத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது.
பத்து விநாடி கொடுத்தேன்.
பிறகு ஒன்பது.
ஒன்பதை மறுக்க முடியாது,
அது சாகிறவரிடம் சொல்லப்படுவதே இல்லை.

டேட்டாபேஸ் நிதானக்காரன். பாதி வரியை முடித்து
கணக்கை மூடி எழுந்துபோவதற்குள்
யூபிஎஸ்ஸில் ஆறு.

சிங்க் அடித்தேன்.
வட்டின் விளக்கு படபடத்தது,
நினைவில் மட்டும் இருந்ததெல்லாம் தகட்டில் இறங்கியது.
இனி ரிசல்ட் வட்டைக் கழற்றவேண்டும்.

டார்கெட் இஸ் பிசி.

இந்நேரத்தில் யார்?
செஷ்னியைக் கூப்பிட்டேன். ஃபீனிக்ஸில்
மெழுகுவத்தி வெளிச்சத்தில் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.
"அஞ்சு மணிக்கே லாக் அவுட் ஆயிட்டேன், லவஷ்னி.
எதுக்கெடுத்தாலும் நான்தானா?"
பேக்கப் ஸ்கிரிப்டைச் சந்தேகப்பட்டுக் கொன்றேன்.
பிசி.
நாலு நிமிடம். மண்ட்லா கதவில் வந்து நின்றுவிட்டான்.
கடைசியில்தான் கேட்கத் தோன்றியது:
பிடித்துக்கொண்டிருப்பது யார், காட்டு.

ஒரே வரி வந்தது.
பாஷ். பயனர் பெயர், என்னுடையது.

காலையில் எதையோ பார்க்க அந்த டைரக்டரிக்குள் போனவள்
வெளியே வரவேயில்லை.
அதற்குள் நின்றுகொண்டே
எல்லோரையும் போ போ என்கிறேன்.

சிடி. ஒரு சாய்வுக்கோடு. எண்டர்.
மறுபடி கேட்டதும் வட்டு
பேச்சில்லாமல் கழன்றது.
வேலை ஒழுங்காக நடந்தால் யூனிக்ஸ் ஒன்றும் சொல்லாது.

மிச்சம் ரூட்.
அதன்மேல்தான் எல்லாம் நிற்பதால் அதைக் கழற்ற முடியாது,
படிக்க மட்டும் என்று மாற்றிவைத்துவிட்டு அணைக்கலாம்.
சனிக்கிழமைப் பள்ளியில் வந்த என் தமிழும்
ரொம்ப நாள் படிக்க மட்டும்தான்.
அதை மாற்ற எந்தக் கமாண்டும் கிடைக்கவில்லை,
தப்பும் தவறுமாக எழுதித்தான் ஆகவேண்டியிருந்தது.

விசிறிகள் நின்றன.
அறைக்கு இப்படி ஒரு அமைதி உண்டென்று தெரியாது.
சுமை போனதும் யூபிஎஸ் தன் கணக்கைத் திருத்திக்கொண்டது:
ஒன்று, மறைந்து,
மூன்று மணி நாற்பது நிமிடம்.

மண்ட்லா திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
சட்டைப்பையிலிருந்து சார்ஜரை எடுத்தான்.
"உம்லாசியில மக முழிச்சிருப்பா" என்றான்.
பின்பக்கம் நாலு சாக்கெட்டும் காலி.
நானும் என்னுடையதைச் செருகிக்கொண்டேன்.